உஷார்! ஆண் மீனின் விந்தகத்தில் முட்டை!

செத்து மிதக்கும் மீனைப் பார்த்தால் ஊரே கூடிவிடும். ஆனால், மீன் சாகாமலே ஒரு நீர்நிலை நாசமாகலாம்.

1970-களின் பிற்பகுதி. இங்கிலாந்தின் லீ நதிப் பக்கம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையக் குட்டைகளில் ரோச் என்ற மீன்கள் பிடிபட்டன. அவற்றில் சில ஆணுமாகவும் பெண்ணுமாகவும் இருந்தன! புரூனல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டரும் சக ஆய்வாளர்களும், சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே அவற்றின் ரத்தத்தில் முட்டைக்கருவுக்கான புரதம் ஏறிவிட்டது. பெண் மீனுக்கு மட்டுமே வேண்டிய புரதம் அது. 1998-ல் வந்த ஆய்வு இன்னும் மோசம்: சில நதிகளில், கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்த ‘ஆண்’ ரோச்கள் அத்தனையிலும் பெண் தன்மை தெரிந்தது.

காரணம்? நம் சிறுநீர் வழியே போகும் இயற்கை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்), கருத்தடை மாத்திரையின் செயற்கை ஈஸ்ட்ரோஜன், ஆலைச் சோப்புகள் சிதைந்து உருவாகும் நோனைல்ஃபீனால். மீனின் உடல் இவற்றைத் தன் சொந்த ஹார்மோன் என்று நம்பி ஏமாறுகிறது.

எவ்வளவு கலந்தால் ஆபத்து? கனடாவின் ஒன்டாரியோவில் ‘ஏரி 260’ என்ற ஆய்வு ஏரியில், மாத்திரையில் உள்ள அதே ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 நானோகிராம் அளவில் 2001 முதல் 2003 வரை கலந்தார்கள். 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் இதே விகிதத்தில் கலந்தாலும், மொத்த மருந்து ஓர் அரிசியின் எடைகூட வராது. அதற்கே ஃபாட்ஹெட் மின்னோ என்ற பொடிமீன் இனம் அந்த ஏரியில் அழிவின் விளிம்புக்குப் போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீன்களும் இரையில்லாமல் குறைந்தன. மருந்தை நிறுத்திய பிறகு, சில ஆண்டுகளில் பொடிமீன்கள் மீண்டும் பெருகின. ஆறுதல் அது ஒன்றுதான்.

‘எங்கோ கனடாவில்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரிலும் நோனைல்ஃபீனாலும், அதேபோல ஹார்மோனாக ஏமாற்றும் பிஸ்ஃபீனால்-ஏ என்ற ரசாயனமும் இருப்பதை 2014-ல் வெளியான ஆய்வு பதிவுசெய்திருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை:

• மீந்த, காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையிலோ சிங்க்கிலோ கொட்டாதீர்கள்.

• பூச்சிமருந்து அடிக்கும் டேங்க்கையும் காலி டப்பாக்களையும் வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள்.

• கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். குறை மாத்திரையில் இல்லை. அரைகுறையாகச் சுத்திகரித்த, சுத்திகரிக்கவே செய்யாத சாக்கடையில் இருக்கிறது.

• உங்கள் ஊர்ச் சாக்கடை எந்த நீர்நிலையில் போய் விழுகிறது, சுத்திகரித்துத்தான் விடுகிறார்களா என்று உள்ளாட்சியைக் கேளுங்கள்.

தண்ணீர் தெளிவாக இருக்கும். நாற்றம் வராது. மீனும் துள்ளும். அடுத்த தலைமுறை மீன் மட்டும் இருக்காது. உஷார்!