கயிற்றுக்கு அந்தப் பக்கம்

யோகோஹாமா, 2023 ஆகஸ்ட். கடலோரத்துப் பசிஃபிகோ அரங்குக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. திரும்பிய பக்கமெல்லாம் போக்கிமான் உலகின் பிகாச்சு! போக்கிமான் கார்டு ஆட்டம் 1996-ல் பிறந்தது ஜப்பானில்தான். ஆனால் அதன் உலகச் சாம்பியன்ஷிப் அந்த மண்ணில் நடப்பது இதுவே முதல் முறை. ஊர் கொண்டாடட்டும். நாம் வந்தது ஜூனியர் பிரிவைப் பார்க்க. ஏறக்குறைய 12 வயதுக்குள் இருக்கும் வாண்டுகள் மோதும் இடம். வாங்க, என் பின்னாலேயே வாங்க.

முதல் காட்சி தரையில். சுவரோரம் குடும்பம் குடும்பமாகச் சம்மணம் போட்டிருக்கிறார்கள். ஒரு டெக்கில், அதாவது ஆடும் கார்டுக் கட்டில், 60 கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. ஒரே ஓர் உறையின் முனை மடங்கியிருந்தாலும் வம்புதான்; அடையாளம் வைத்து ஆடுவதாகிவிடும். அதனால் கடைசி நேரத்தில் அத்தனைக்கும் புது உறை. அப்பா மாட்டித் தள்ளுகிறார், அம்மா எண்ணுகிறார். ஆடப்போகிற ஆளோ ஓரமாக உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கார்டு மேல் கை வைக்காதே, விரலில் பிசுக்கு என்று அவனுக்குத்தான் திட்டு!

அடுத்தது கயிறு. பெற்றோர் அதைத் தாண்டக் கூடாது. எட்டிப் பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், அரங்கிலேயே அதிகம் வியர்ப்பது இந்த வரிசையில்தான். இங்கிருந்து கார்டு எதுவும் தெரியாது. பிள்ளையின் முதுகை வைத்தே வெற்றி தோல்வியைக் கணிக்கிறார்கள். தோள் தொங்கினால் அம்மாவின் கை வாய்க்குப் போகிறது.

மேசைக்கு அருகே போனால் உலகமே வேறு. சின்னக் கைகளுக்குள் 60 கார்டு அடங்காது. எனவே மேசையில் கொட்டி, புட்டுக்கு மாவு பிசைவதுபோல் இரு உள்ளங்கையாலும் கலைக்கிறார்கள். கையில் ஏழு கார்டு, பரிசாக ஆறு கார்டு கவிழ்த்து ஓரத்தில். எதிரியின் போக்கிமானை வீழ்த்த வீழ்த்த அந்தப் பரிசுகளை எடுக்கலாம்; ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். மூன்றில் இரண்டை வெல்ல வேண்டும், நேரம் 50 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு பெண்ணுக்குக் கால் தரையைத் தொடவில்லை. முட்டி போட்டு ஏறி நின்று, அடிபட்ட கணக்கைக் காட்டும் பகடைகளை வரிசையாக அடுக்குகிறாள். எதிரில் இருக்கும் பையன் தன் பகடைக்கு முத்தம் கொடுத்துவிட்டு உருட்டுகிறான். உதவாத எண் விழுகிறது. இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்!

சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி, “ஜட்ஜ்!” நெடிய ஆசாமி ஒருவர் ஓடி வந்து மேசை உயரத்துக்குக் குனிகிறார். மொழி இடித்தால் மொழிபெயர்ப்பாளர். பெரியவர்கள் பிரிவில் வாதம் நீளும். இங்கே தீர்ப்பு கேட்டதும் ஒரு தலையாட்டல், அடுத்த கார்டு.

தோற்றவர்கள் அழுவதில்லையா? அழுகிறார்கள். கயிற்றைத் தாண்டும்வரை அடக்கிவைத்து, அம்மாவின் இடுப்பில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி. பிறகு பார்த்தால் அதே முகம் நடைபாதைச் சந்தையில் இருக்கிறது. தரையில் ஆல்பத்தை விரித்து, பொதுமொழி ஏதுமில்லாமல், விரலால் தொட்டு, உதட்டைப் பிதுக்கி, தலையசைத்துப் பண்டமாற்று. பேரம் படியாவிட்டால் பாக்கெட்டிலிருந்து இன்னொரு கார்டு. நம் ரங்கநாதன் தெரு வியாபாரிகளே அசந்துபோவார்கள்.

இந்தப் பொடிசுகள் கையெழுத்துப் பழகிக்கொள்வது நல்லது. உலகப் போட்டியில் வென்றவர்களின் டெக் சிலவற்றை ஆண்டுதோறும் அச்சிட்டு விற்கிறார்கள். ஜூனியர் சாம்பியனின் டெக்கும் அதில் வந்ததுண்டு, கார்டுகளில் வென்ற பிள்ளையின் கையெழுத்தோடு. வாங்கலாம், வீட்டில் ஆடலாம். பின்பக்கம் வேறு மாதிரி இருப்பதால் போட்டிக்கு மட்டும் எடுத்துப்போக முடியாது.