மகள் தேர்ந்தெடுத்த பாடம்

"கறுப்பர் சரித்திரமா? அதைப் படிக்க அமெரிக்காவுக்குப் போகணுமா? நல்லா இருக்கே கதை!" என்று மோவாயில் கை வைத்தாள் என் நாத்தனார். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, என் மனசிலும் அதே கேள்விதான். எம்.ஏ. சரித்திரம் முடித்த பெண், பி.எட். படித்து டீச்சராவாள் என்று கனவு கண்டவள் நான்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அவளிடம் கேட்டேன்: "அப்படி அதில் என்னடி இருக்கு?"

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அமெரிக்கா, பிரேசில், கரீபியன் தீவுகள் என்று சிதறிப்போனவர்களின் வரலாறு, இலக்கியம், இசை, அரசியல் எல்லாம் சேர்ந்த படிப்பாம் அது. 1968-ல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் வகுப்புக்குப் போகாமல் மாதக்கணக்கில் போராடித்தான் இதற்கென்று தனித் துறை வாங்கினார்களாம். 1988-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டப் படிப்பும் வந்தது.

"நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

"அம்மா, பிரெஞ்சுக்காரர்கள் 1848-ல் அடிமை முறையை ஒழித்தார்கள். அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டாமா? 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியது பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து நம்ம ஜனங்களைத்தான்."

கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றுவிட்டது.

சரி, பணம்? முதல் வருஷம் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தது, உதவித்தொகை இல்லை. வீட்டை அடமானம் வைக்க என் கணவர் தயாராகிவிட்டார். "வேண்டாம்ப்பா" என்று அவளே மறுத்துவிட்டாள். அங்கே எம்.ஏ. பெரும்பாலும் கைக்காசுப் படிப்பு. பி.எச்டி.க்குச் சேர்ந்தாலோ, பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் செலவுக்கும் பணம் தருகின்றன. பதிலுக்கு இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும். ஒரு வருஷம் பொறுத்து, நல்ல ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதி அனுப்பினாள். உதவித்தொகையோடு இடம் வந்தது. வீடு தப்பியது!

பெண்ணை அனுப்ப நினைக்கும் சகோதரிகளுக்கு, நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

விசாவுக்கு, முதல் வருஷச் செலவுக்கான பணத்துக்கு ஆதாரம் காட்டவேண்டும். உதவித்தொகைக் கடிதமும் ஆதாரம்தான்.

வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அதுவும் பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்குள்ளேதான். 'வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடுவாள்' என்ற கணக்கு வேண்டாம்.

படிப்பு முடிந்தபின் வேலைப் பயிற்சிக்கு 12 மாதம் தங்கலாம். கம்ப்யூட்டர், இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இந்தப் படிப்புக்குக் கிடையாது.

பல், கண் வைத்தியம் அங்கே பெரும்பாலும் மாணவர் இன்ஷூரன்ஸில் அடங்காது. சொத்தைப் பல்லை இங்கேயே அடைத்து, இரண்டு மூக்குக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

படித்து முடித்ததும் வேலை கிடைக்குமா என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லைதான். ஆனால் நாத்தனார் மோவாயில் கை வைத்தால், இப்போதெல்லாம் மார்த்தினிக் கதையை ஆரம்பித்துவிடுகிறேன். அவளும் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!