ஐந்து கோல்களுக்குப் பிறகு

கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் கொட்டை எழுத்தில் வரும். கோலைத் தடுத்தவரின் படமும் வரும். ஆனால், திடலின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரை அணி தோற்றால்தான் பலர் தேடுவார்கள். அந்த இடத்தில் நின்று மலேசிய அணியை வழிநடத்திய ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பெயர் கே. ராஜகோபால். இரசிகர்கள் அவரைக் 'கிங் ராஜா' என்று அழைத்தனர்.

ராஜகோபால் 1956ஆம் ஆண்டு செத்தாப்பாக்கில் பிறந்தார். சிலாங்கூர் அணிக்கும் தேசிய அணிக்கும் ஆடினார். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், 'சிலந்தி மனிதர்' ஆர். ஆறுமுகம் ஆகியோரின் பெயர்களை நாடே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில், பள்ளி, கடை ஆகியவற்றோடு காற்பந்துத் திடலும் தோட்ட வாழ்க்கையின் ஓர் அங்கமாக இருந்ததை அவர்கள் சொல்வார்கள்.

நன்றாக ஆடியவர்கள் எல்லாரும் நல்ல பயிற்றுநர்கள் ஆவதில்லை. சிலருக்கு இரண்டும் கைகூடுகின்றன. போலந்தைச் சேர்ந்த ஆடம் நவால்கா 1978 உலகக் கிண்ணத்தில் மத்திய திடல் ஆட்டக்காரராக ஆடினார். பின்னர், 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் பயிற்றுநராக இருந்து தம் நாட்டைக் காலிறுதிவரை அழைத்துச் சென்றார். ஆட்டக்காரருக்குத் தம் கால்களின் மீது நம்பிக்கை இருந்தால் போதும். பயிற்றுநரோ பிறருடைய கால்களை நம்ப வேண்டும். இதுதான் கடினம்.

ராஜகோபால் 2009ஆம் ஆண்டில் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றபோது மலேசியக் காற்பந்து நல்ல நிலையில் இல்லை. 2007 ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியா சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 என்று தோற்றிருந்தது. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடமும் 0–5. இரசிகர்கள் சலித்துப் போயிருந்தனர். அனுபவசாலிகளைத் தேடி அழைப்பது அந்நேரத்தில் எளிய வழி. ராஜகோபால் இளைஞர்களின் பக்கம் திரும்பினார்.

அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸ் நாட்டில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தது. குழு ஆட்டத்தில் மலேசியா வியட்நாமிடம் 1–3 என்று தோற்றது. ஆயினும், தாய்லாந்தை 2–1 என்று வென்று அரையிறுதிக்கு முன்னேறியது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் வியட்நாமே எதிரணி. இம்முறை மலேசியா 1–0 என்று வென்றது. அந்த ஒரே கோல் வியட்நாம் ஆட்டக்காரர் தவறுதலாகத் தம் வலைக்குள்ளேயே செலுத்தியது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். இறுதி ஆட்டம்வரை வந்தது அதிர்ஷ்டத்தால் அன்று. 1989க்குப் பிறகு, 20 ஆண்டுகள் கழித்து அப்பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் கிடைத்தது.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. 2010 டிசம்பர் 1, ஜாகர்த்தா. தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியா 5–1 என்று மலேசியாவைத் தோற்கடித்தது. எஸ். குணலன் உள்ளிட்ட பலர் சீ விளையாட்டில் ஆடிய அதே இளைஞர்கள். மூன்று நாளில் தாய்லாந்துடன் ஆட வேண்டும். அணியைப் பிரித்துப் போட்டு, வேறோர் அணியை அமைக்கப் பயிற்றுநர் முற்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ராஜகோபால் அப்படிச் செய்யவில்லை. தம் இளைஞர்களையே நம்பினார். மாற்றம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மாற்றினார். கோல் காவலராக 21 வயது கைருல் பாமி சே மாட்டைக் களமிறக்கினார். தாய்லாந்துடனான ஆட்டம் 0–0 என்று சமநிலையில் முடிந்தது. லாவோஸை 5–1 என்று வென்று, மலேசியா குழுவில் இரண்டாம் இடம் பிடித்தது. அரையிறுதியில் வியட்நாமைப் புக்கிட் ஜாலிலில் 2–0 என்று வென்று, ஹனோயில் 0–0 என்று தாக்குப்பிடித்தது. முதல் ஆட்டத்தில் 5 கோல்களை விட்ட அணி, அதற்குப் பின் ஆடிய 6 ஆட்டங்களில் மொத்தம் 3 கோல்களை மட்டுமே விட்டது. கிண்ணத்தின் கதையை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன என்பேன்.

இறுதிச் சுற்றில் இந்தோனேசியாவை மறுபடியும் சந்திக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பி வழிந்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து எதிரணியினரின் முகத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சினர் சிலர். அதனால், இரண்டாம் பாதியில் ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. அது நமக்குப் பெருமை தரும் செயலன்று. ஆட்டம் தொடர்ந்தபின் சாபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி சம்சுதீன் ஒரு கோலும் அடித்தனர். மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் இந்தோனேசியாவுக்குப் பெனால்டி வாய்ப்புக் கிடைத்தது. கைருல் பாமி அதைப் பிடித்தார். மலேசியா அன்று 1–2 என்று தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4–2 என்று கிண்ணத்தை வென்றது. 1996இல் தொடங்கிய அப்போட்டியில் மலேசியா பெற்ற முதல் வெற்றி அது. டிசம்பர் 31ஆம் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

பின்வந்த ஆண்டுகள் அவ்வளவு இனிமையாக இல்லை. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர் மலேசியாவை வெளியேற்றியது. 2012 சுசுகி கிண்ணத்தின் அரையிறுதியில் தாய்லாந்து வென்றது. முன்பு தோளில் தூக்கியவர்களே விமர்சித்தனர். 2013ஆம் ஆண்டின் முடிவில் ராஜகோபால் தேசிய அணியிலிருந்து விலகினார்.

இதற்கிடையில், 2011 நவம்பரில் ஓங் கிம் சுவீயின் பயிற்சியில் 23 வயதுக்குட்பட்ட அணி மீண்டும் சீ விளையாட்டுத் தங்கத்தை வென்றிருந்தது. இறுதி ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் தோற்ற அணி இந்தோனேசியா. ஆட்டம் நடந்தது, ஓராண்டுக்கு முன் மலேசியா 5 கோல்களை வாங்கிய அதே ஜாகர்த்தா அரங்கத்தில்.