புல்லுருவியும் பூங்கொத்தியும்

கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறை, வருசநாடு போகிற வழியெங்கும் இலவந்தோப்பும் மாந்தோப்பும்தான். இலவ மரம் இலையுதிர்த்து நிற்கும் நாளில் ஏதோ ஒரு கிளையில் மட்டும் பச்சைப் புதர் தெரிந்தால், அது பெரும்பாலும் புல்லுருவி. அதே தோப்பில் "சிக் சிக்" என்று ஓயாமல் கத்திக்கொண்டு தாவும் பூங்கொத்திதான் அதை அங்கே நட்ட ஆள்.

பூங்கொத்தி 8 செ.மீ. நீளமே உள்ள குருவி. எடை ஐந்தாறு கிராம். முதுகு மங்கிய பழுப்பு, அலகு வெளிறிய இளஞ்சிவப்பு. நம் நாட்டின் மிகச்சிறிய பறவைகளில் ஒன்று. புல்லுருவிக்கு மண்ணில் வேரே இல்லை. இலையில் பச்சையம் இருப்பதால் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீரையும் உப்புகளையும் மட்டும் கிளைக்குள் உறிஞ்சுறுப்பை இறக்கி மரத்திடமிருந்து எடுக்கும். வறட்சியில் மரம் நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும்போதும் இது தாராளமாகவே குடிக்கும். கிளை நுனி காய்வது அதனால்தான்.

ஒன்று பறக்கிறது, மற்றொன்று ஒட்டிய இடத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் இரண்டின் உடலமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைப் பார்த்தால் வியப்பு அடங்காது. பழத்தில் ஒரே விதை. குருவி முழுசாக விழுங்கும் அளவு. பூங்கொத்தியின் அரைவைப்பை உணவுப்பாதையின் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கிறது. பூச்சியைத் தின்றால் அது அந்தப் பைக்குள் போய் அரைபடும். பழமோ பையைத் தொடாமல் நேரே குடலுக்குப் போய், சில நிமிடங்களில் விதை சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். விதையைச் சுற்றி அப்படியொரு பிசின்! சும்மா உதறினால் விழாது. குருவி பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்தே ஆக வேண்டும். தேய்த்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்ளும்.

மகரந்தச் சேர்க்கையிலும் இந்தக் குருவிகளுக்குப் பங்குண்டு. நீலகிரியில் ஆராய்ந்த பிரியா தாவிதார், பூங்கொத்திகளை நம்பியிருக்கும் சில புல்லுருவிகளில் பூவும் பழமும் ஒன்றுபோலத் தோன்றுவதை 1983இல் எழுதினார். பழம் தேடி வரும் குருவியைப் பூவுக்கும் இழுக்க இந்த ஒற்றுமை உதவும் என்பது அவர் கருத்து.

இந்த உறவில் செடிக்குத்தான் தேவை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பூங்கொத்தி தேன்பழத்தைத் தின்றும், சிலந்தியைப் பிடித்தும் பிழைத்துக்கொள்ளும். புல்லுருவி விதையோ தரையில் விழுந்தால் வீண்.

மாமரத்தைக் காப்பாற்ற நினைப்பவர் குருவியை விரட்ட வேண்டியதில்லை. பழம் பிடிக்கும் முன்பே, புல்லுருவி ஒட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும். புதரை மட்டும் ஒடித்துப் போட்டால் உள்ளே தங்கிய பகுதி மறுபடி துளிர்க்கும்.