கரண்டிக் காம்பில் ஐந்து முத்திரைகள்

பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டியை மதிப்பிடத் தெரிந்தவர்கள் தராசைத் தொடுவதற்கு முன் உருப்பெருக்கியை எடுப்பார்கள்; எடை உலோகத்தின் விலையை மட்டுமே சொல்ல, காம்பின் பின்புறத்து முத்திரைகள் அது எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பட்டறையில் உருவானது என்பதையும் சொல்லிவிடும்.

ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் கொண்ட கலவைக்கு ‘ஸ்டெர்லிங்’ என்று பெயர். இந்த மாற்றுக்குக் குறையாத பொருளில் சிறுத்தைத் தலையைப் பொறிக்க வேண்டும் என்று 1300-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் சோதித்து ஆண்டெழுத்தும் அடிக்கலாயினர். மண்டபத்தைக் குறிக்கும் ‘ஹால்’ என்ற சொல்லிலிருந்துதான் ‘ஹால்மார்க்’ பிறந்தது. 1544-இல் நடக்கும் சிங்கமும், 1784-இல் வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் தலையும் சேர, செய்தவரின் பெயரெழுத்துகளோடு முத்திரைகள் ஐந்தாயின. அரசர் தலை 1890-இல் நின்றுபோனதால், அதைக் கண்டதுமே காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதிலும் 1786 வரை அடிக்கப்பட்ட தலை புடைத்து நிற்காமல் குழிந்திருக்கும். அக்காலத்து லண்டன் ஆண்டெழுத்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கேடய வடிவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊரைக் குறிக்கும் முத்திரையாக நங்கூரம் இருந்தால் அது பர்மிங்காம்.

‘இ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் வேறு கதை: செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையின்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதே அதன் பொருள். எல்கிங்டன் நிறுவனம் 1840-இல் காப்புரிமை பெற்ற இம்முறையில் செய்த பொருள்களில் சிலர் அந்த நான்கு எழுத்துகளையும் தனித்தனிக் கட்டங்களில் ஹால்மார்க் போலவே அடித்தார்கள். அவசரக்காரர் ஏமாறுவதற்கென்றே செய்தது போலிருக்கும்.

முத்திரை சரியாக இருந்தாலும் தேய்மானம் விலையைக் குறைக்கும். வலக்கையால் தட்டைச் சுரண்டியே கரண்டி முனையின் இடப்பக்கம் தேய்ந்து, முட்டை வடிவம் கோணலாகிவிடும். முள்கரண்டியின் பற்கள் தேய்ந்தபின் சமமாக வெட்டப்படுவதுண்டு என்பதால் அவற்றின் நீளத்தைப் பார்ப்பது அவசியம். பழைய உரிமையாளரின் பெயரெழுத்துகளைச் சுரண்டி எடுத்த காம்பு அவ்விடத்தில் மெலிந்திருப்பதை விரல் நுனியே கண்டுகொள்ளும். பெயரோடு விட்டிருந்தால் கூடுதல் விலை பெற்றிருக்கும். கத்திப் பிடிகளின் உள்ளே பெரும்பாலும் அரக்கு போன்ற பிசினே நிரம்பியிருப்பதால், அவற்றை எடைபோட்டு வாங்குவது வீண்.

சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற, தெய்வ உருவங்கள் புடைத்தெழும் ‘சுவாமி வெள்ளி’ப் பாத்திரங்களை இந்த முத்திரை வரிசையைக் கொண்டு படிக்க முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படியொரு சோதனை மண்டபம் இயங்காததால், அவற்றில் இருப்பது நிறுவனத்தின் பெயர் மட்டுமே. மாற்றை உரைகல்லில்தான் பார்க்க வேண்டும்.