மைய எல்லைத் தேற்றம்: ஒரு தொகைச்சொல்லின் பொருள்

உயர்தர வகுப்பில் வணிகப் புள்ளிவிபரவியல் பயிலும் மாணாக்கர் சிலர், இலக்கணம் கேட்க மடுல்கெல்லையில் என் இல்லத்துக்கு வருங்கால், தம் பாடக் குறிப்புகளையும் உடன் கொணர்வர். அவற்றுள் ‘மைய எல்லைத் தேற்றம்’ என்றொரு தொடர் கண்டேன். கணிதம் எனக்கு அயல். தொகைச்சொல் எனக்கு உறவு. ஆதலின் உறவின் வழியே அயலிடத்துள் நுழைந்தேன்.

தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கி வரும் என்பது நன்னூலார் கொள்கை. இத்தொடரும் இருவகையாய் விரியும். மைய எல்லையைப் பற்றிய தேற்றம் என்பது ஒன்று; மையமான எல்லைத் தேற்றம் என்பது மற்றொன்று. எது கொள்ளத்தக்கது? இப்பெயரை 1920இல் ஜெர்மானிய மொழிக் கட்டுரையொன்றில் வழங்கியவர் அங்கேரி நாட்டுக் கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா. அம்மொழியிலே ‘எல்லைத்தேற்றம்’ முழுதும் ஒரே சொல்லாய் ஒட்டிநிற்க, ‘மைய’ என்னும் அடைமொழி பிரிந்து முன்னிற்கும், மயக்கத்துக்கு இடமில்லை. நிகழ்தகவுக் கலையின் நடுநாயகமாய் விளங்கும் எல்லைத் தேற்றம் என்பதே அவர் கருத்து. ஆங்கிலம் மூன்று சொற்களையும் பிரித்து நிறுத்தியது. தமிழ் அதனைப் பின்பற்றி மயக்கத்தையும் உடன் வாங்கிக்கொண்டது. பரம்பலின் நடுப்பகுதியைப் பற்றிய தேற்றம் எனப் பொருள்கொண்ட கணிதரும் உளர். அதுவும் முற்றும் பொருந்தாததன்று. தேற்றம் நடுவிலே நன்கு பொருந்தி ஓரங்களிலே தளர்வது.

பெயர் நிற்க, பொருளைக் காண்போம். ஒரு கவறு உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை எவ்வெண்ணும் விழச் சமவாய்ப்பு உண்டு. படம் வரைந்தால் சமதரை. இரு கவறு உருட்டின் 36 வகை. அவற்றுள் கூட்டுத்தொகை 7 வருவது ஆறு வகையால், 2 வருவதும் 12 வருவதும் ஒவ்வொரு வகையால். சமதரை கூரைமுகடாயிற்று. மூன்று கவறாயின் 216 வகை. 10க்கும் 11க்கும் தனித்தனி 27 வகை, 3க்கும் 18க்கும் ஒவ்வொன்றே. கூரை மெல்ல மணியாய் வளைகின்றது. கவறுகள் பெருகப் பெருக, கூட்டுத்தொகையும் அதனாற் பெறும் சராசரியும் செவ்வன் பரம்பல் என்னும் அம்மணிவடிவை அணுகிக்கொண்டே செல்லும். அவ்வணுகுதலே ‘எல்லை’.

மாணாக்கர் பலர், ‘மாதிரி பெரிதானால் தரவுகள் மணிவடிவு பெறும்’ என்று விடை எழுதுகின்றனர். அவ்வாக்கியத்தின் எழுவாய் பிழை. ஒற்றைக் கவற்றைப் பதினாயிரம் முறை உருட்டினும் அதன் படம் சமதரையே. மணிவடிவு பெறுவது மாதிரிகளின் சராசரி, தரவு அன்று.

இத்தேற்றத்தின் முதல் வடிவைக் கண்டவர் டி முவாவர். பிரான்சிற் பிறந்து, சமயக் கொடுமையால் இலண்டனுக்கு ஓடி, கணிதம் கற்பித்தும் காப்பிக்கடையிலே சூதாடுவார்க்கு வாய்ப்புக் கணித்துக் கூறியும் பிழைத்தவர். நாணயம் சுண்டுதலுக்கு 1733இல் அவர் கண்டதை, 1810இல் லாப்பிலாசு விரிவாக்கினார். சூதிலிருந்து பிறந்த நூலறிவு நமக்குப் புதிதன்று. நளன் கதையிலே தேரிற் செல்லும் இருதுபன்னன், தான்றிமரம் ஒன்றைப் பார்த்த அளவிலே காயின் தொகை கூறினான்; நளன் எண்ணிப் பார்க்கப் பிழையின்றி இருந்தது. கவறாடற் கலையும் எண்ணற் கலையும் ஒருவனிடத்தே இருந்தன என்று கதை கூறுதல் வியப்பே. தான்றிக்காய்தான் பழங்காலத்துச் சூதாடுகாய்.

இக்காலத்து இருதுபன்னர் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தார். 2016இல் அவர்கள் நடத்திய வீட்டு வருமான செலவின அளவீட்டிலே, நாட்டின் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுள் ஏறத்தாழ 25,000 தெரிந்தெடுக்கப்பட்டன. சராசரி மாத வருமானம் 62,237 ரூபா. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தின், நட்டநடுவில் நிற்பதன் வருமானமோ 43,511 ரூபா. இதனை இடையம் என்ப. மணிவடிவிலே சராசரியும் இடையமும் ஒன்றாதல் வேண்டும். இங்கே இரண்டும் வெகுதூரம். நாட்டின் வருமானம் மணியன்று; ஒருபுறம் குவிந்து மறுபுறம் நீண்ட வால். ஆயினும் 25,000 குடும்பங்களின் சராசரி, உண்மைச் சராசரியை அடுத்தே விழும். தனி வருமானங்களின் சிதறலை 25,000இன் வர்க்கமூலமாகிய 158ஆல் வகுத்தால் அச்சராசரியின் சிதறல் ஏறத்தாழப் புலப்படும். தெரியும் முறை சிக்கலானதாகையால் எண் சிறிது வேறுபடும். பிழை பாதியாக வேண்டின் மாதிரி நான்கு மடங்காதல் வேண்டும், இருமடங்கு போதாது.

எழுவாய்ப் பிழை தேர்வுத்தாளோடு நில்லாது. கொழுந்து மடுவத்திலே நிறை குறைந்தால் பெண்ணொருத்திக்கு அரைப்பேர் விழும். ‘இம்மலையின் சராசரி இவ்வளவு, ஆதலின் ஒவ்வொருத்தியும் இவ்வளவு பறித்தல் இயல்பு, புள்ளிவிபரமே சான்று’ என்று ஒருவர் வாதிடக் கேட்டேன். நூறு பேரின் சராசரி நாள்தோறும் பெரிதும் மாறாதிருக்கலாம். ஒருத்தி மழைநாளிலே, செங்குத்துச் சரிவிலே பறித்த நிறையைப் பற்றித் தேற்றம் யாதும் கூறவில்லை.

தேற்றத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: மாதிரியின் உறுப்புகள் ஒன்றையொன்று சாராதன ஆதல் வேண்டும். ஒரே லயத்தின் பத்துக் காம்பராக்களைப் பார்த்துவிட்டுப் பத்து மாதிரி என்றல் தகாது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே நாட்சம்பளம். பத்து வாய் ஒரு சொல்லைக் கூறியதாகும். இதனாலேயே திணைக்களத்தார் மாவட்டம் மாவட்டமாகவும், நகரம், கிராமம், தோட்டம் எனத் துறை துறையாகவும் வகுத்து வீடுகளைத் தெரிகின்றனர். தோட்டத்துறையைத் தனியே வகுத்தமையால் அதன் சராசரி தனியே கிடைத்தது: 34,804 ரூபா. வகுக்காது விட்டிருப்பின், அவ்வெண் 62,237க்குள்ளே கண்ணுக்குப் புலனாகாது கலந்திருக்கும்.