முந்தி நிற்கும் மாதவிடாயும் ஓமோன் மருந்தும்

சொறிக்கல்முனைப் பகுதியில் வயல்வேலை செய்யும் பெண்ணொருத்திக்கு 35, 40 வயதில் மாதவிடாய் நின்றால், "ஊர்விட்டு ஊர் அலைந்த கவலைதான்" என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். கவலையாலும் போதிய உணவின்மையாலும் மாதவிடாய் சில மாதங்கள் நிற்பதுண்டு. ஆனால் அது கர்ப்பமாகவும் இருக்கலாம். சூலகம் காலத்துக்கு முன்பே ஓய்ந்ததாகவும் இருக்கலாம். மூன்று, நான்கு மாதங்கள் வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரத்தப் பரிசோதனை காரணத்தை அறிய உதவும்.

பொதுவாக 50 வயதையொட்டியே மாதவிடாய் நிற்கும். 45க்கு முன் நின்றால் அது முந்தியது. 40க்கு முன் நின்றால் இன்னும் கூடிய கவனம் தேவை. சத்திரசிகிச்சையில் இரு சூலகங்களையும் அகற்றினால் உடனே நின்றுவிடும்.

சூலகம் ஓய்ந்ததும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் குறைகிறது. உடம்பு திடீரெனக் கொதித்து வியர்க்கும்; நித்திரை குழம்பும். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாமல் நடப்பது வேறு: எலும்பு தேய்கிறது, இருதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. நாற்றுக்கட்டும் நெல்மூட்டையும் சுமந்து பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு இடுப்பு முறிவு எத்தகைய இழப்பு!

இக்குறையை ஈடுசெய்வதே ஓமோன் மருந்து. "அது புற்றுநோய் தரும்" என்ற பயம் 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றின் பின் பரவியது. ஈஸ்திரஜனும் புரோஜெஸ்தரோன் வகை மருந்தும் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்புப் புற்றுநோயும் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடியது உண்மை. ஆனால் அதில் பங்குபற்றியோர் 50 முதல் 79 வயதினர். 38 வயதுப் பெண் எடுப்பதோ, அவள் உடலில் அவ்வயதில் இருந்திருக்க வேண்டிய ஓமோனையே. ஆகவே அந்தக் கணக்கு அவளுக்குப் பொருந்தாது.

எதை எடுப்பது?

கருப்பை உள்ளவர்கள் ஈஸ்திரஜனைத் தனியே எடுக்கக் கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரலாம். புரோஜெஸ்தரோன் வகை மருந்தும் சேர வேண்டும். கருப்பை அகற்றியவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்திரஜன் மட்டும் போதும். குளிசையை விட, தோலில் ஒட்டும் வகையில் இரத்தக்கட்டி ஆபத்துக் குறைவு. எது தொடர்ந்து கிடைக்கும், என்ன விலை என்பதை முதலிலேயே கேளுங்கள்.

மார்புப் புற்றுநோய், காலில் இரத்தக்கட்டி, ஈரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்படி எடுப்பது?

தகுந்தவர்கள் ஏறக்குறைய 50 வயது வரை தொடரலாம். சுகம் வந்துவிட்டதென்று இடையில் விடாதீர்கள். அயலவரின் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். இது கருத்தடை மருந்தல்ல. சூலகம் ஓய்ந்தவர்களிலும் சிலர் கருத்தரிப்பதுண்டு. எதிர்பாராத இரத்தப்போக்கு, மார்பில் கட்டி, ஒரு கால் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நெத்தலி, தயிர், எள்ளு எலும்புக்கு நல்லவை. எனினும் அவை மருந்துக்கு ஈடாகா.

இடம்பெயர்ந்த நமக்கு இன்னொன்றும் முக்கியம். சத்திரசிகிச்சை செய்தவர்களில் பலருக்குக் கருப்பை மட்டும் எடுத்தார்களா, சூலகமும் எடுத்தார்களா என்பதே தெரியாது. மருந்தைத் தீர்மானிப்பது அதுதான். வைத்தியசாலை அட்டையையும் கிளினிக் கொப்பியையும் காணி உறுதி, அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். அட்டை தொலைந்திருந்தால், சத்திரசிகிச்சை நடந்த இடத்தையும் ஆண்டையும் எழுதி வைத்து, கல்முனைக்கோ வேறெங்கோ கிளினிக் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள்.